மேளம் தொடங்கும் முன்பே காதடைப்பான்

கல்யாண மண்டபத்தில் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளைக்கு, கெட்டிமேளம் கொட்டுவதற்கு முன்பே காதடைப்பானைப் போட்டுவிடுங்கள். அழ ஆரம்பித்த பிறகு காதருகே கை போனாலே தட்டிவிடும்.

ஃபோம் அடைப்பானை விளக்குத் திரிபோல மெல்லியதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே, சற்றுப் பின்னால் இழுத்து உள்ளே நுழைத்துவிடுங்கள். அது உப்பி விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். உருட்டாமல் திணித்தால் பாதி வெளியே துருத்தி நிற்கும். இடைவெளி வழியே சத்தம் புகுந்துவிடும். சிறிய அளவாகக் கேட்டு வாங்குங்கள். கழற்றும்போது மெல்லத் திருகி எடுக்க வேண்டும், வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

இது சத்தத்தை அடியோடு நிறுத்தாது, மட்டுப்படுத்தும். காதருகே நீங்கள் பேசுவது கேட்கும் என்பதால் பிள்ளை மிரளாது. முதலில் வீட்டில் மிக்ஸி ஓடும்போது ஐந்து நிமிடம் பழக்குங்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும், எதையும் வாயில் போடும் பிள்ளைக்கும் இது வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அதற்குப் பதில், தலைமேல் மாட்டி இரண்டு காதையும் வெளியிலிருந்து மூடும் இயர்மஃப் வாங்குங்கள். காதில் வலி, சீழ் இருந்தாலும் அடைப்பான் கூடாது. அமைதியான வீட்டில் நாள் முழுக்கப் போட்டுவிட்டால் சாதாரணச் சத்தமும் பெரிதாகத் தோன்றத் தொடங்கிவிடும்.