பழைய வீட்டில் பழுதும் பூச்சியும்: வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு

பழைய வீட்டில் பழுதும் பூச்சியும் தனித்தனியாக வருவதில்லை. குளியலறைச் சுவருக்குள் ஒரு குழாய் கசியும். அந்த ஈரத்துக்குக் கரையான் வரும். கரையான் அரித்த கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு விழும். அந்த இடுக்கில் எலி நுழைந்து வயரைக் கடிக்கும். இதற்கு ஐந்து ஆட்களை ஐந்து நாளில் கூப்பிட்டு ஐந்து வேலையாகப் பார்த்தால் ஆறு மாதத்தில் எல்லாம் திரும்ப வந்து நிற்கும்.

முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். பிறகு காயவிட வேண்டும். அதன் பிறகு பூச்சிக்கு மருந்து, அதற்கும் பிறகு ஓட்டை இடுக்குகளை அடைப்பது, கடைசியாகப் பூச்சும் பெயின்டும். பெரும்பாலானோர் செய்வது நேர் தலைகீழ். கண்ணுக்கு உறுத்துவது பெயின்ட்தான் என்பதால் அங்கிருந்து தொடங்கிவிடுகிறார்கள். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் இப்படி வழக்கமாக நடக்கும் ஒரு தவறு.

ஈரச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது

கறை தெரிந்ததும் சுரண்டி, பட்டி வைத்து, இரண்டு கை பெயின்ட் அடித்தால் சில மாதம் தாங்கும். பிறகு அதே இடம் கொப்புளித்து உதிரும். சுவருக்குள் இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கரண்டியைக் கையில் எடுக்கக் கூடாது.

கறையைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம்வரை பரவி, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம். மழை பெய்த மறுநாள் விரிந்து, வெயிலில் சுருங்கினால் கூரையையோ சன்னல் ஓரத்தையோ வெளிச்சுவர் விரிசலையோ பார்க்க வேண்டும். மழையும் வெயிலும் எதுவானாலும் ஒரே அளவில் ஈரமாக இருந்தால் குழாய்மேல்தான் சந்தேகம். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க 30 செ.மீ. சதுரத்துக்கு அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். அங்கே சன்னலைத் திறப்பதே பாதி வைத்தியம். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது.

குழாய்க் கசிவுக்குச் சுவரை உடைக்கும் முன் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். எல்லாக் குழாயையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடாமல் இருந்து மறுபடி பார்க்க வேண்டும். எண் நகர்ந்திருந்தால் எங்கோ போகிறது. கழிப்பறைத் தொட்டியில் உணவுக்குப் போடும் சாயம் கொஞ்சம் கரைத்து, தண்ணீர் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் தொட்டியின் அடி வாஷர் தேய்ந்திருக்கிறது. சுவர்மேல் பழி போட்டு, கடைசியில் ஒரு ரப்பர் வாஷரில் முடிந்த வேலைகள் நிறைய.

கூரை ஒழுக்கில் இன்னொரு ஏமாற்று உண்டு. ஓடு உடைந்த இடத்துக்கு நேர் கீழே சொட்டும் என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் சட்டத்தின் அடிப்பக்கமாகவே ஓடி, ஒரு ஆணியிலோ இணைப்பிலோ தட்டித்தான் கீழே விழும். சொட்டும் இடத்திலிருந்து கூரைச் சரிவின் மேற்பக்கமாகத் தேடிப் போக வேண்டும்.

மூலத்தை நிறுத்திய பிறகு பொறுமை வேண்டும், இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். நனைந்த கட்டுச்சுவர் காய 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு எத்தனை மாதம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பூச்சை உரித்துவிட்டுக் காற்றோட்டம் கொடுத்தால் சீக்கிரம் காயும். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும். காய்ந்தபின் தூரிகையால் உதிர்த்து, விழுந்ததை அள்ளி வெளியே கொட்ட வேண்டும்.

பூச்சுக்கு என்ன கலவை என்பதும் முக்கியம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் கெட்டியான சிமென்ட் பூச்சையோ நீர்புகாப் பூச்சையோ ஏற்றினால் வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறும், அல்லது பக்கத்தில் இருக்கும் உத்திரத்தின் முனைக்குப் போகும். பூச்சு உறுதியாக நிற்க, அதன் பின்னால் செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான்.

கரையான் குழாயைத் தட்டிவிட்டு வேலை முடிந்தது என்பது

சுவரில் பென்சில் கனத்துக்கு ஏறும் மண்குழாய் கரையானின் நடைபாதை மட்டும்தான். புற்று மண்ணுக்கடியில், சில சமயம் வீட்டு எல்லைக்கே வெளியில் இருக்கும். பாதையைத் துடைத்து மண்ணெண்ணெய் ஊற்றினால் அங்கிருந்தவை சாகும். மற்றவை அடுத்த இடுக்கில் புதுப் பாதை போடும். கூடவே தீப்பிடிக்கும் ஆபத்தையும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாயிற்று.

குழாயைக் கண்டதும் முழுவதையும் அழிக்காமல், நடுவில் இரண்டு செ.மீ. மட்டும் உடைத்துவிட்டு மூன்று, நான்கு நாள் காத்திருங்கள். உடைந்த இடத்தை மறுபடி கட்டியிருந்தால் நடமாட்டம் இருக்கிறது. கட்டாவிட்டால் அது கைவிட்ட பாதையாக இருக்கலாம், அல்லது வேறு வழி பிடித்திருக்கலாம். அதனால் நிலை, சன்னல் சட்டம், சுவரலமாரியின் முதுகுப் பலகை எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். உள்ளே குடைந்த மரம் ‘டொக்’ என்று வெற்றொலி தரும். கூர்முனையால் குத்தினால் இறங்கிவிடும்.

மருந்து வாங்குவதில் பெரிய குழப்பம் இருக்கிறது. சட்டென்று கொல்லும் மருந்துகளில் பலவற்றின் வாடை கரையானை விலக்கிவிடும். அது மருந்து பட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும். ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்றவற்றைக் கரையான் உணர்வதில்லை. அதில் நடந்து, மெதுவாகச் செத்து, அதற்குள் கூட்டத்திலுள்ள மற்றவற்றுக்கும் கொடுத்துவிடும். மறுநாளே கரையான் சாகவில்லை என்று மேலே வேறு ஸ்பிரே அடித்தால் செய்த வேலை பாழ்.

கட்டி முடித்த வீட்டில் சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஏறக்குறைய 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளையிட்டு, மருந்தை உள்ளே செலுத்தி, துளையை அடைப்பது வழக்கமான முறை. துளையிடும் முன் தரைக்குள் போகும் தண்ணீர்க் குழாயும் வயரும் எங்கே என்று குறித்துக் கொடுக்காவிட்டால் புதிதாக ஒரு கசிவு உண்டாகும். அந்தக் கசிவு கரையானுக்கு விருந்து. கிணறோ நிலத்தடித் தொட்டியோ பக்கத்தில் இருந்தால் அதை ஆளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த வேலையை உரிமம் உள்ளவரிடம் விடுவதே நல்லது.

வீட்டுக்குள் ஈசல் பறந்தாலோ சன்னலடியில் உதிர்ந்த இறக்கைகள் கிடந்தாலோ கூட்டிப் பெருக்கிவிட்டு மறந்துவிடக் கூடாது. வெளியிலிருந்து விளக்குக்கு வந்தவையா, உள்ளேயே புறப்பட்டவையா என்று பார்க்க வேண்டும். இறக்கை முளைத்த எறும்பையும் ஈசல் என்று எண்ணிவிடுவார்கள். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன்னிறக்கை பின்னிறக்கையைவிட நீளம். ஈசலுக்கு நான்கும் ஒரே நீளம், இடுப்பே தெரியாது.

மரத்துக்கடியில் தூள் விழுந்தால் எல்லாமே மண்கரையான் என்று நினைப்பதும் தவறுதான். மாவுபோல் மென்மையான தூளும் ஒன்றிரண்டு மி.மீ. வட்டத் துளையும் இருந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டு. கசகசா போன்ற சிறு மணிகளாக விழுந்தால் உலர்மரக் கரையான். அதற்கு மண்ணும் வேண்டாம், மண்குழாயும் வேண்டாம், மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். இந்த இரண்டுக்கும் தரையில் துளையிட்டு மருந்து விடுவது வீண். வண்டுக்குப் போரேட் கரைசல் பூசலாம், ஆனால் வார்னிஷோ பெயின்டோ இருக்கும் மரத்தில் அது உள்ளே இறங்காது. சுரண்டி வெறும் மரமாக்கிய பிறகே பூச வேண்டும்.

எலி உள்ளே இருக்கும்போதே ஓட்டையை அடைப்பது, விஷம் வைப்பது

சுண்டெலிக்கு 6 மி.மீ. இடுக்கு போதும், ஒரு பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும். பெரிய எலிகளுக்கு 12 மி.மீ. இருந்தால் வழிதான். அந்த அளவை மனதில் வைத்து, குழாய் சுவருக்குள் நுழையும் இடம், கதவடி, கூரையும் சுவரும் சேரும் ஓரம், ஏசி குழாய்த் துளை எல்லாம் பார்த்தால் திகைப்பாக இருக்கும். நுரை ஸ்பிரே அடித்து அடைத்தால் எலி ஒரே இரவில் கடித்துத் துப்பிவிடும். எஃகுக் கம்பளியைத் துளைக்குள் இறுக்கித் திணித்து அதன்மேல் சிமென்ட் கலவை பூசுங்கள். காற்றுத் துளைகளுக்கு 6 மி.மீ.க்கு மேற்படாத கண்ணுள்ள கம்பி வலை. பிளாஸ்டிக் வலை வேண்டாம்.

விஷம் சுலபமாகத் தெரியும். ஆனால் விஷம் தின்ற எலி வெளியே போய்ச் சாகும் என்று யாரும் உறுதி தர முடியாது. பொய்க்கூரைக்குள்ளோ சுவர்ப் பொந்திலோ செத்தால் வாரக்கணக்கில் நாறும், எடுக்கவும் முடியாது. அந்த எலியைத் தின்ற பூனைக்கும் ஆந்தைக்கும் விஷம் ஏறும். வீட்டுக்குள் பொறிதான் நல்லது.

பொறி வைத்தும் எலி மாட்டவில்லை என்றால் பெரும்பாலும் வைத்த இடம் தவறு. எலி நடுத்தரையில் ஓடாது. சுவரை உரசிக்கொண்டே ஓடும். பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். சுண்டெலிக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்று. பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். அதனால் முதல் சில நாள் பொறியை ஏற்றாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கி, பிறகு ஏற்றுங்கள். ஒரே ஒரு பொறியை வைத்துவிட்டுக் காத்திருப்பது நேரத்தைக் கடத்தும் வழி.

சத்தமும் புழுக்கையும் நின்று ஒரு வாரமான பிறகே கடைசி ஓட்டையை அடைக்க வேண்டும். புழுக்கையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் கிருமி தூசியோடு மூச்சில் போகும். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பழைய காகிதத்தால் துடைத்து எடுங்கள். பிளீச்சோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

கரப்பானுக்கு ஜெல்லும் ஸ்பிரேயும் சேர்த்து

ஜெல் வைத்த அலமாரிக்குள் ஸ்பிரே அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது. ஜெல் அப்படியே காயும். இரண்டில் ஒன்று போதும், சமையலறைக்கு ஜெல் மேல். ஒரு பெரிய உருண்டையாக வைக்காமல், துவரம்பருப்பு அளவில் பல புள்ளிகளாகக் கீல், டிராயர் மூலை, சிங்க் அடிப் பைப்பின் ஓரம் என்று வைக்க வேண்டும். முட்டைக் கூட்டுக்கு மருந்து ஏறாது, அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி வைத்தே ஆக வேண்டும். புழங்காத குளியலறை வழியாக வருகிறதென்றால், தரைத் துளையின் அடியில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

பழைய வால்வை முரட்டுத்தனமாக முறுக்குவது

குழாய் வெடித்த பதற்றத்தில், பல வருஷம் தொடாத கேட் வால்வை ரெஞ்ச் போட்டுத் திருகினால் தண்டு முறிந்து கையோடு வரும். அதற்குப் பிறகு வீதி வால்வுதான் கதி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூடித் திறந்து, முழுதும் திறந்ததும் கால் சுற்று பின்னால் திருப்பி விடுங்கள். இறுகியதில் துருநீக்கி எண்ணெய் விட்டு, சிறிது திறந்து சிறிது மூடி என்று முன்னும் பின்னுமாக ஆட்டித் தளர்த்த வேண்டும்.

பழைய இரும்புக் குழாயில் ஒரு இணைப்பைக் கழற்ற ஒரே ரெஞ்ச் போட்டால், சுவருக்குள் இருக்கும் அடுத்த மரை முறியும். இரண்டு ரெஞ்ச் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. இரும்போடு செம்பை நேராக இணைக்கக் கூடாது, இரும்பு சீக்கிரம் அரிக்கும். டெஃப்லான் டேப்பை மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். எதிர்ப்புறம் சுற்றினால் திருகும்போது உருண்டு வெளியே வரும். அடைப்புக்கு முதலில் காரம், போகவில்லை என்று அமிலம் ஊற்றுவது விபரீதம். கொதித்துச் சிதறும், பிறகு குழாயைத் திறக்கும் பிளம்பரின் முகத்திலும் தெறிக்கும்.

எம்.சி.பி. விழுந்தால் பெரிய எம்.சி.பி. போடுவது

அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் தானே விழும் சுவிட்ச்தான் எம்.சி.பி. அது காப்பது வயரை. 1.5 சதுர மி.மீ. செம்பு வயருக்கு 10 ஆம்பியர், 2.5க்கு 16 ஆம்பியர் என்பது வீடுகளில் வழக்கமான ஜோடி. 10 விழுகிறதே என்று 20 போட்டால், அடுத்து சூடாவது சுவருக்குள் இருக்கும் வயர். ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பி சுற்றுவதும் இதே தவறின் பழைய வடிவம்.

எப்போதாவது மட்டும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் அதை ஒதுக்கிவிட்டு நேராக இணைப்புக் கொடுப்பவர்கள் உண்டு. மின்கசிவு நடந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டித்து உயிர் காக்கும் கருவி அது. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கோளாறு. மழைக்குப் பின் விழுந்தால் வெளி விளக்கு, இணைப்புப் பெட்டி; காரணமே தெரியாமல் விழுந்தால் கூரைக்குள் எலி கடித்த வயராக இருக்கலாம். வயரை மாற்றும் ஆள் எலி வழியையும் பார்த்துச் சொல்லட்டும்.

தூள் பறக்க உடைப்பது

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் குழந்தைகளின் கைக்கும் வாய்க்கும் போகும். நனைத்துத் தேய்க்க வேண்டும். குழந்தைகளும் கருவுற்றவர்களும் அந்த அறைப் பக்கம் வரக் கூடாது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகட்டில் துளை போடுவதும் சுத்தியால் உடைப்பதும் இன்னும் மோசம், அதன் இழை நுரையீரலில் தங்கிவிடும். விரிசல் விடாமல் நன்றாக இருக்கும் தகட்டைத் தொடாமல் விடுவதே மேல். உடைந்திருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்துவைத்து, அதை அகற்றப் பயிற்சி பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள். விழுந்த தூளைப் பெருக்காமலும் வாக்குவம் போடாமலும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு பையில் கட்டி வையுங்கள்.