பிஹெச்டி அட்மிஷன் கெடச்சுதா? காசு எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாருங்க

நான் அப்ளை பண்ணப்போ ரேங்கிங் பாத்துதான் லிஸ்ட் போட்டேன், கடைசில ஒரு எடத்துலேர்ந்து அட்மிஷன் வந்துச்சு, ஆனா லெட்டர முழுசா தேடியும் ஃபண்டிங் பத்தி ஒரு வரி கூட இல்ல. போக முடியல. அதனால ரேங்கிங்க அப்புறம் பாத்துக்கலாம், எந்த நாட்டுல பிஹெச்டிக்கு யாரு காசு குடுக்கறாங்கன்னு மொதல்ல புரிஞ்சுக்கோங்க.

அமெரிக்கால சயின்ஸ், இன்ஜினியரிங் பக்கம் பெரும்பாலும் டிபார்ட்மென்ட்டே டியூஷன பாத்துக்கும், டிஏ (பாடம் எடுக்க உதவறது) இல்லனா ஆர்ஏ (ப்ரொஃபசரோட ஆராய்ச்சில உதவறது) வேலைக்கு ஸ்டைபெண்டும் வரும். நெதர்லாந்து, ஸ்வீடன்ல பிஹெச்டியே பெரும்பாலும் சம்பள வேலை, வேகன்சி போடுவாங்க, அதுக்குத்தான் அப்ளை பண்ணணும். ஜெர்மனிலயும் இப்படி போஸ்ட் நிறைய வரும், விளம்பரத்துல டிவி-எல் இ13 (அங்க மாநில அரசு வேலைக்கான ஒரு சம்பள கிரேடு), 65%னு இருந்தா முழுநேர சம்பளத்துல, வரி பிடிக்கறதுக்கு முன்னாடி, அவ்வளவுதான்னு அர்த்தம் (வேலை மட்டும் பல எடத்துல முழுசா இருக்கும், அது வேற விஷயம்). பிரிட்டன்ல யூகேஆர்ஐ (ஆராய்ச்சிக்கு காசு குடுக்கற அரசு அமைப்பு) ஃபண்டிங் 2021லேர்ந்து வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸுக்கும் உண்டு, ஆனா மொத்தத்துல 30% வரைக்கும்தான்னு ஒரு லிமிட் வச்சிருக்காங்க, அதனால போட்டி ஜாஸ்தி. மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் (ஐரோப்பிய யூனியன் காசு குடுக்கற பிஹெச்டி திட்டம்) பாக்கறவங்க, வேலைல சேர்றதுக்கு முந்தின 36 மாசத்துல, சேரப்போற நாட்டுல 12 மாசத்துக்கு மேல இருந்திருந்தா தகுதி இல்ல, இத பாக்காம அப்ளை பண்ணி நேரத்த வீணாக்காதீங்க.

ப்ரொஃபசருக்கு மெயில் போடறப்ப "உங்க ரிசர்ச் எனக்கு ரொம்ப புடிக்கும்"னு அம்பது பேருக்கு ஒரே மெயில காப்பி பேஸ்ட் பண்ணா யாரும் திறக்கக்கூட மாட்டாங்க. அவங்க பேப்பர் ஒண்ண உண்மையிலேயே படிச்சுட்டு, அதுல எந்த எடத்துல உங்களுக்கு கேள்வி வந்துச்சு, அதுக்கு கிட்டத்துல நீங்க என்ன பண்ணிருக்கீங்கன்னு அஞ்சாறு வரில எழுதுங்க, கடைசில "அடுத்த வருஷம் புது ஸ்டூடண்ட் எடுக்கறீங்களா, ஃபண்டிங் இருக்கா"ன்னு நேரா கேட்டுடுங்க. கேக்கறதுல தப்பே இல்ல.

அப்ளிகேஷன் ஃபீஸுக்கு வேவர் (கட்ட வேண்டாம்னு விலக்கு) இருந்தா சப்மிட் பண்றதுக்கு முன்னாடியே கேளுங்க, கட்டின பணம் பொதுவா திரும்பி வராது.

ஆஃபர் வந்ததும் ஸ்டைபெண்ட் 9 மாசத்துக்கா 12 மாசத்துக்கான்னு பாருங்க, சம்மர்ல கையில காசில்லாம மாட்டிக்கறது இங்கதான். எத்தன வருஷத்துக்கு கேரண்டி, ஹெல்த் இன்சூரன்ஸ் யாரு கட்டறாங்க, டியூஷன் போக தனியா ஃபீஸ் ஏதாவது இருக்கான்னும் மெயில்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. அமெரிக்கால நிறைய யுனிவர்சிட்டி சேந்து ஒத்துக்கிட்ட ஏப்ரல் 15 ரூல் ஒண்ணு இருக்கு, ஃபண்டிங் ஆஃபருக்கு அந்த தேதிக்கு முன்னாடி பதில் சொல்லியே ஆகணும்னு அவங்க கட்டாயப்படுத்தக்கூடாது, அதனால யாராவது மார்ச்லயே அவசரப்படுத்தினா அத ஒத்துக்கிட்ட யுனிவர்சிட்டி லிஸ்ட்ல அவங்க பேரு இருக்கான்னு பாத்துட்டு டைம் கேளுங்க.