நொதியத்தை உருவத்தால் விளங்கிக்கொள்வது எப்படி: உயர்தர மாணவருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் உயர்தரப் பரீட்சைக்கான உயிரியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் அடிக்கடி காணும் ஒரு வசனம் உண்டு: "வெப்பநிலை கூடியதால் நொதியம் இறந்துவிட்டது." நொதியம் ஓர் உயிரி அன்று, இறப்பதற்கு அதனிடம் உயிர் இருந்ததில்லை. உயிரிகளில் நடக்கும் இரசாயனத் தாக்கங்களை விரைவாக்கும் பதார்த்தமே நொதியம். மிகப் பெரும்பாலான நொதியங்கள் புரதங்கள். அமினோ அமிலங்களை நூற்றுக்கணக்கில் கோத்த ஒரு சங்கிலி, தன்மேல் தானே மடிந்து ஒரு குறித்த முப்பரிமாண உருவத்தை எடுத்திருக்கிறது. அந்த உருவம் நிலைக்கும்வரை தொழில் நடக்கும். உருவம் குலைந்தால் தொழில் நின்றுவிடும். மூலக்கூறுகள் ஓயாமல் அசைந்து ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதையும் இதனுடன் சேர்த்துக்கொண்டால், இந்த அலகில் வரும் வரைபுகள் அனைத்தையும் நீங்களே யோசித்து வரையலாம்.

மடிந்த புரதத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதுவே உயிர்ப்பு மையம். நொதியம் தாக்கும் பதார்த்தமாகிய கீழ்ப்படை அதற்குள் வந்து பொருந்துகிறது. 1894 இல் எமில் பிசர் இதைப் பூட்டுக்கும் திறப்புக்கும் ஒப்பிட்டார். அலுமாரித் திறப்பு வாசற்பூட்டைத் திறக்காததுபோல, ஒரு நொதியத்தின் பள்ளத்தில் வேறொரு கீழ்ப்படை பொருந்துவதில்லை. இதற்கு மிகத் தெளிவான சான்று நம் வயல்களிலேயே கிடக்கிறது. சோற்றிலுள்ள மாப்பொருளும் வைக்கோலிலுள்ள செலுலோசும் குளுக்கோசு அலகுகளால் மட்டுமே ஆனவை. அந்த அலகுகளை இணைக்கும் பிணைப்பின் திசையமைப்பு மட்டுமே வேறு. நமது உமிழ்நீரிலுள்ள அமிலேசு என்னும் நொதியத்துக்கு மாப்பொருளின் பிணைப்புப் பொருந்தும், செலுலோசின் பிணைப்புப் பொருந்தாது. எருமை வைக்கோலைத் தின்று வாழ்வதும் அதன் சொந்த நொதியங்களால் அன்று. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகளின் நொதியங்களாலேயே.

பூட்டு இரும்பாலானது, நொதியமோ நெகிழ்வானது. 1958 இல் டானியல் கொசிலாந்து முன்வைத்த தூண்டற்பொருத்தக் கருத்தின்படி, கீழ்ப்படை வந்து தொடும்போது உயிர்ப்பு மையம் தன் வடிவத்தைச் சற்று மாற்றி அதை இறுகப் பற்றிக்கொள்கிறது. பரீட்சையில் இரண்டு மாதிரிகளையும் கேட்கலாம். ஆயினும் உண்மைக்கு நெருக்கமானது பின்னையது.

இவ்வாறு பற்றிக்கொள்வதால் விளைவது என்ன? எந்தத் தாக்கமும் தொடங்குவதற்கு மூலக்கூறுகள் ஒரு சக்தித் தடையைத் தாண்டியாக வேண்டும். அத்தடையின் உயரமே ஏவற்சக்தி. நொதியம் கீழ்ப்படையின் பிணைப்புகளைத் தகைப்புக்கு உட்படுத்தியோ, தாக்கத்துக்கு ஏற்ற சூழலை அமைத்தோ அந்த உயரத்தைக் குறைக்கிறது. தாக்கிகளுக்கும் விளைவுகளுக்கும் இடையிலான சக்தி வேறுபாட்டை அது மாற்றுவதில்லை. தாக்கத்தின் முடிவில் தானும் செலவாவதில்லை. சக்தி வரைபில் தொடக்க மட்டமும் இறுதி மட்டமும் அசையாதிருக்க, நடுவிலுள்ள மேடு மட்டும் தாழ வேண்டும். மூன்றையும் தாழ்த்தி வரைவது புள்ளிகளை இழக்கச் செய்யும் பிழை.

இனி, இதைக் கண்ணால் காண்போம். ஆய்கூடம் இல்லாவிட்டாலும் அடுக்களையில் செய்யலாம். சோறு வடித்த கஞ்சியை நன்கு ஆறவிட்டு, ஒரு பங்கு கஞ்சிக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்துக் கலக்குங்கள். வாயை நன்றாகக் கொப்பளித்த பின், ஒரு வாய் சுத்தமான நீரை ஒரு நிமிடம் வாயில் வைத்திருந்து ஒரு குவளையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐதான உமிழ்நீர் ஆயத்தம். ஒவ்வொருவரும் தத்தம் உமிழ்நீரையே கையாள வேண்டும். மருந்துக்கடையில் விற்கும் அயடீன் மருந்தை, வெளிறிய தேநீரின் நிறம் வரும்வரை நீர்விட்டு ஐதாக்கி, வெள்ளைப் பீங்கான் தட்டொன்றில் துளித்துளியாக வரிசையில் இடுங்கள்.

நான்கு சிறு குப்பிகளை எடுத்து ஒவ்வொன்றிலும் சம அளவு உமிழ்நீர் விடுங்கள். முதற்குப்பியை, கைக்கு இதமான வெதுவெதுப்புடைய, ஏறத்தாழ 37 பாகை செல்சியசு நீரில் வையுங்கள். இரண்டாவதைப் பனிக்கட்டி நீரில் வையுங்கள். மூன்றாவதிலுள்ள உமிழ்நீரைச் சில நிமிடங்கள் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, முதற்குப்பியின் அருகிலேயே வையுங்கள். நான்காவதில் ஒரு கரண்டி வினாகிரி சேர்த்து, அதையும் அதே வெதுவெதுப்பில் வையுங்கள். கஞ்சியையும் அந்தந்த வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பின்னரே சம அளவில் சேர்க்க வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து அயடீன் துளியில் விடுங்கள்.

முதற்குப்பியின் தொடக்கச் சொட்டுகள் கருநீலமாகும். மாப்பொருளின் சுருளுக்குள் அயடீன் போய் அடைவதால் தோன்றும் நிறம் அது. பிறகு வரும் சொட்டுகள் ஊதா கலந்த செம்மண்ணிறமாகும். சுருள்கள் குறுகிவிட்டன என்பது பொருள். இறுதியில் அயடீனின் மஞ்சட்கபிலம் மாறாமல் நிற்கும். அமிலேசு மாப்பொருளை மோற்றோசு என்னும் வெல்லமாகவும் வேறு சிறு துண்டங்களாகவும் வெட்டி முடித்துவிட்டது. நிறம் மாறாத முதற்சொட்டின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். சூடான கலவையில் மாப்பொருள் இருந்தாலும் அயடீனின் நீலம் தோன்றாது. எனவே சொட்டு ஆறியிருக்க வேண்டும். மற்றையது நான் மாணவனாயிருந்தபோது பட்டுத் தெரிந்தது. வினாகிரி கையில் இல்லாததால் தேசிக்காய்ச் சாறு விட்டேன். நீலம் நொடியில் மறைந்தது. அமிலத்தில் அமிலேசு விரைவாக வேலை செய்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். உண்மையில் தேசிக்காயிலுள்ள விற்றமின் சி அயடீனையே நிறமற்ற அயடைட்டாகத் தாழ்த்திவிட்டிருந்தது. நொதியம் இல்லாத கஞ்சியிலும் அதே சாற்றை விட்டுப் பார்த்திருந்தால், அந்தக் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்னைக் காப்பாற்றியிருக்கும். நீங்கள் உமிழ்நீருக்குப் பதில் வெறும் நீர் விட்ட ஒரு குப்பியையும் கட்டாயம் வையுங்கள்.

மற்றைய மூன்று குப்பிகளிலும் நீலம் நெடுநேரம் நிற்கும். மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணம் ஒன்றன்று என்பதே இப்பரிசோதனையின் உயிர்நாடி. பனிக்கட்டியில் இருந்த குப்பியை வெதுவெதுப்பான நீருக்கு மாற்றுங்கள். சிறிது நேரத்தில் நீலம் மறையத் தொடங்கும். குளிரில் உருவம் குலையவில்லை. மூலக்கூறுகளின் அசைவு குறைந்ததால் மோதல்கள் குறைந்தன, அவ்வளவே. கொதித்த குப்பியை எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் நீலம் மாறாது. வெப்பம் ஐதரசன் பிணைப்பு முதலான நலிந்த பிணைப்புகளை அறுத்து மடிப்புகளைக் குலைத்துவிட்டது. அமினோ அமிலச் சங்கிலி அறுபடாவிட்டாலும் உயிர்ப்பு மையம் என்று சொல்ல அங்கு ஒன்றும் இல்லை. இதுவே இயல்பிழத்தல். வினாகிரி, அமினோ அமிலங்களின் பக்கக் கூட்டங்களிலுள்ள மின்னேற்றங்களை மாற்றி அதே உருவத்தைக் கெடுக்கிறது. இரைப்பையின் பெப்சின் என்னும் நொதியம் மட்டும் ஏறத்தாழ பிஎச் 2 இல் சிறப்பாகத் தொழிற்படுவதற்கும் காரணம், அதன் உருவம் அந்த அமிலத்தன்மையில் நிலைக்குமாறு அமைந்திருப்பதே.

இப்போது வெப்பநிலை வரைபை வரைந்து பாருங்கள். இடப்பக்கம் மெல்ல ஏறுவது மோதலின் கதை; உச்சத்துக்குப் பின் செங்குத்தாக விழுவது உருவத்தின் கதை. இரு பக்கமும் சமச்சீராக ஏன் வரையக்கூடாது என்பது இதிலேயே விளங்கும்.

கீழ்ப்படைச் செறிவு வரைபுக்கு மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் படகை நினைத்துக்கொள்ளுங்கள். துறையில் ஆட்கள் குறைவாயிருக்கையில், ஆட்கள் கூடக்கூட ஒரு மணித்தியாலத்தில் அக்கரை சேர்வோரும் கூடுவர். ஒவ்வொரு தடவையும் படகு நிரம்பியே போகத் தொடங்கியபின் துறையில் எத்தனை பேர் காத்து நின்றாலும் வீதம் கூடாது. இன்னொரு படகு விட்டாலன்றி வழியில்லை. உயிர்ப்பு மையங்கள் அனைத்தும் நிரம்பியபின் வரைபு கிடைமட்டமாவது இப்படித்தான். நொதியத்தின் தொழிலைத் தடுக்கும் பதார்த்தம் நிரோதி. உயிர்ப்பு மையத்துக்காகக் கீழ்ப்படையுடன் போட்டியிடும் போட்டி நிரோதி, பயணிகளின் இருக்கையைப் பிடித்துக்கொள்ளும் சாக்குமூட்டை போன்றது. பயணிகள் மிக அதிகமானால் மூட்டைக்கு இடம் கிடைப்பது அரிதாகும், பழைய உச்ச வீதமும் மீளும். போட்டியற்ற நிரோதி, இருக்கையைத் தொடாமல் இயந்திரத்தைப் பழுதாக்குவது போன்றது; அது நொதியத்தில் வேறோர் இடத்தில் இணைந்து உருவத்தை மாற்றுகிறது, எனவே பயணிகளைக் கூட்டிப் பயனில்லை.

நிரோதிகள் நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகச் சொல்லாக மட்டும் இருந்துவிடக் கூடாது. வயல் வட்டைக்குள் மருந்தடிக்கும் தகப்பன்மாரின் பிள்ளைகள் உங்களில் பலர். சேதன பொசுபரசு வகைப் பீடைநாசினிகள், நரம்புச் சந்திகளில் செய்தியைக் கடத்தும் பதார்த்தமாகிய அசற்றைல்கோலினை உடைக்கும் அசற்றைல்கோலின்எசுத்தரேசு என்னும் நொதியத்தின் உயிர்ப்பு மையத்திலேயே பங்கீட்டு வலுப் பிணைப்பால் ஒட்டிக்கொள்கின்றன. அசற்றைல்கோலின் உடையாமல் தேங்குவதால் உமிழ்நீரும் கண்ணீரும் பெருகும், கண்மணி சுருங்கும், தசைகள் துடித்துச் சோரும், கடைசியில் மூச்சு முட்டும். வைத்தியசாலையில் ஏற்றும் அத்திரப்பீன், அசற்றைல்கோலின் வந்து பொருந்தும் வாங்கிகளை மறைத்து உயிரைத் தாங்குகிறதேயன்றி நொதியத்தை மீட்பதில்லை. பிரலிடொக்சீம் என்னும் மருந்து நொதியத்தை விடுவிக்க முயல்கிறது, ஆனால் நேரம் கடந்தால் பிணைப்பு இறுகிவிடும், பிறகு உடல் புதிய நொதியத்தைத் தொகுத்தாக வேண்டும். தோலினூடாகவும் இந்தப் பீடைநாசினி உட்செல்லும். மருந்து பட்ட உடுப்பை உடனே கழற்றி, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை வீட்டிலும் சொல்லுங்கள்.

படித்ததைச் சோதிக்க ஒரு வினா. அம்பாறை ஆலைகளில் பச்சை நெல்லைக் குற்றிப் பெறும் தவிடு விரைவில் சிக்கு மணம் வீசுகிறது; புழுங்கல் நெல்லின் தவிடு அதைவிடக் கூடிய நாட்கள் தாங்குகிறது. ஏன்? "அவித்தால் கெடாது" என்று எழுதினால் புள்ளி கிடையாது. எந்த நொதியம், எந்தக் கீழ்ப்படை, இரண்டும் எப்போது சந்தித்தன, உருவத்துக்கு என்ன நேர்ந்தது என்று நான்கு படியாக எழுதுங்கள். தவிட்டுப் படையில் லிப்பேசு என்னும் நொதியமும் எண்ணெயும் வெவ்வேறு கலங்களில் ஒதுங்கியிருந்தன. ஆலை அந்தக் கலங்களை நொறுக்கி இரண்டையும் சேர்த்துவிட்டது. லிப்பேசு எண்ணெயை நீர்ப்பகுத்துக் கொழுப்பமிலங்களை விடுவிக்க, அவை பின்னர் ஒட்சியேற்றமடைந்து மணத்தைக் கொடுத்தன. புழுங்கலிலோ, ஆலைக்குள் போகும் முன்பே, உமி கழலாத நெல்லுக்குள்ளேயே நீராவி லிப்பேசின் மடிப்புகளைக் குலைத்திருந்தது. கலங்கள் நொறுங்கி எண்ணெய் வந்து சேர்ந்தபோது, பொருந்துவதற்கு அங்கு உயிர்ப்பு மையம் இருக்கவில்லை.