காரில் ராஸ்பெரி பை: மின் இணைப்பிலிருந்து முறையான ஷட்டவுன் வரை

காரில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியைப் பொருத்த நினைப்பவர்கள் திரையையும் மென்பொருளையும்தான் முதலில் தேடுகிறார்கள். ஆனால் காரில் பை கெட்டுப்போவது பெரும்பாலும் மின்சாரத்தால். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் வயரிங்தான். அதைச் சரியாகச் செய்துவிட்டால், மேலே பாட்டு, ஜிபிஎஸ், என்ஜின் தகவல் என எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். இங்கே எடுத்துக்கொண்டது ராஸ்பெரி பை 4, 12 வோல்ட் பேட்டரி உள்ள சிறிய கார்.

சிகரெட் லைட்டர் துளையில் போன் சார்ஜரைச் செருகி அதிலிருந்து ஓட்டுவது சோதித்துப் பார்க்க மட்டுமே சரி. பல கார்களில் சாவியை அணைத்ததும் அந்தத் துளைக்கு வரும் மின்சாரம் அந்த நொடியே போய்விடும். பை அப்போது எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருந்தால் கோப்புகள் சிதைந்துபோகும். இன்னொரு வகை கார்களில் அந்தத் துளை எப்போதும் உயிரோடு இருக்கும். சும்மா இருக்கும் பை சுமார் 3 வாட் எடுக்கும். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் மாற்றியின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 0.3 ஆம்பியர். 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டரை நாளில் பாதி காலியாகிவிடும், நான்காம் நாள் வண்டி எடுக்காது. ஷட்டவுன் கொடுத்த பிறகும் பை முழுதாக அடங்குவதில்லை, கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே நமக்கு வேண்டியது மூன்று: சாவி போட்டதும் பை எழ வேண்டும், சாவியை எடுத்ததும் அது தானே முறையாக அணைய வேண்டும், அதன் பிறகு மின்சாரம் அடியோடு துண்டிக்கப்பட வேண்டும்.

வாங்க வேண்டியவை

40 வோல்ட் வரை உள்ளீடு ஏற்று, 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் பக் கன்வர்ட்டர் (வோல்ட்டைக் குறைக்கும் மாற்றி) ஒன்று. எல்எம்2596 சிப் உள்ள மலிவு போர்டுகளில் 3 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும், தொடர்ந்து 2 ஆம்பியரைத் தாண்டினால் கொதித்துவிடும். பை 4-க்கு 3 ஆம்பியர் வரை தேவைப்படும் என்பதால் அதை வாங்காதீர்கள். கூடவே, 12 வோல்ட் ஆஃப்-டிலே டைமர் ரிலே (தூண்டும் மின்சாரம் நின்று குறித்த நேரம் கழித்தே இணைப்பை வெட்டும் சுவிட்ச்) ஒன்று, பிசி817 ஆப்டோகப்ளர் (இரு சுற்றுகளை வயரால் சேர்க்காமல் ஒளியால் சைகை கடத்தும் சிப்) ஒன்று, 2.2 கிலோஓம் கால் வாட் ரெசிஸ்டர், 1என்4148 டையோடு, 1.5கேஇ27ஏ டிவிஎஸ் டையோடு, ஃபியூஸ் டாப் (ஃபியூஸ் பாக்ஸிலிருந்து புது வயர் எடுக்க உதவும் செருகி) இரண்டு, 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, 1 சதுர மில்லிமீட்டர் வாகன வயர், கிரிம்ப் முனைகள், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

டிவிஎஸ் டையோடு எதற்கு? என்ஜின் ஓடும்போது கார் மின்சாரம் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9-க்கும், பேட்டரி பழையது என்றால் அதற்குக் கீழும் விழும். ஓடும்போது பேட்டரி முனை தளர்ந்து விலகினால் ஆல்டர்னேட்டர் சட்டென்று பல பத்து வோல்ட்டுக்குத் துள்ளும். இந்த டையோடு அந்தத் துள்ளலை 37.5 வோல்ட் அளவில் பிடித்து நிறுத்திவிடும். கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் வர வேண்டும்.

மின்சாரத்தை எடுக்கும் இடம்

வயரின் நிறத்தை நம்பாதீர்கள். வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு ஏசிசி (சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட்), கறுப்பு எர்த் என்ற வழக்கம் உண்டு. ஆனால் கார் கம்பெனிகள் அவரவர் நிறத்தைத்தான் போடுகிறார்கள். ஃபியூஸ் பாக்ஸில் சாவி இல்லாமலும் 12 வோல்ட் காட்டும் இடம் ஒன்று, சாவியை ஏசிசி நிலைக்குத் திருப்பினால் மட்டும் காட்டும் இடம் ஒன்று, இரண்டையும் மீட்டரால் கண்டுபிடியுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், என்ஜின் கம்ப்யூட்டர் ஃபியூஸ்களைத் தொடாதீர்கள். ரேடியோ, உள்விளக்கு போன்றவை போதும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு ஃபியூஸ் டாப்பைச் செருகுங்கள். நிரந்தர 12 வோல்ட் டாப்பில் 3 ஆம்பியர், ஏசிசி டாப்பில் 1 ஆம்பியர். டாப்பைச் செருகும் திசை முக்கியம். முனையை மீண்டும் மாட்டியபின், டாப்பில் உள்ள பழைய ஃபியூஸை மட்டும் உருவிப் பாருங்கள். ஏசிசி டாப்புக்குச் சாவியையும் போட்டுக்கொள்ளுங்கள். புது வயரில் அப்போதும் 12 வோல்ட் இருந்தால் சரி. இல்லையென்றால் டாப்பைத் திருப்பிச் செருக வேண்டும். தவறான திசையில் விட்டால் இரண்டு சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும்.

நிரந்தர 12 வோல்ட், 3 ஆம்பியர் ஃபியூஸைத் தாண்டி டைமர் ரிலேயின் தொடர்பு முனைக்கும், அங்கிருந்து கன்வர்ட்டருக்கும் போகும். ரிலேயைத் தூண்டுவது ஏசிசி. டிவிஎஸ் டையோடை கன்வர்ட்டரின் உள்ளீட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே வையுங்கள். எர்த்துக்குப் பெயின்ட் சுரண்டிய பாடி போல்ட் ஒன்று போதும். ஸ்டீரியோவும் அதே இடத்தில் எர்த் ஆனால் இன்னும் நல்லது. இல்லையென்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஏறும் சீழ்க்கைச் சத்தம் கேட்கும். அது வந்தால் ஆடியோ வயரில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்றைச் செருகுங்கள்.

நீளமாக ஓட வேண்டியது 12 வோல்ட் வயர்தான். 5 வோல்ட் வயர் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். 24 கேஜ் மெல்லிய யூஎஸ்பி கேபிளில் ஒரு மீட்டர் தூரம் 3 ஆம்பியர் போனால், போக வர அரை வோல்ட் காணாமல் போகும். 5.1 கொடுத்தால் பைக்குச் சேர்வது 4.6. பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் எச்சரித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் மின்னல் குறி வருவதற்கும், காரணமே தெரியாமல் யூஎஸ்பி கருவிகள் விட்டுவிட்டுப் போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். கன்வர்ட்டரை பையோடு இணைப்பதற்கு முன்பே 5.1 வோல்ட்டுக்குத் திருகி வைத்து, திருகு அசையாமல் இருக்க அதன் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு விடுங்கள். பிறகு பை முழு வேகத்தில் ஓடும்போது அதன் 2-ஆம், 6-ஆம் பின்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். 4.9-க்குக் கீழே இறங்கக் கூடாது.

சாவி நிலையைப் பைக்குச் சொல்வது

ஏசிசி வயரை நேராக ஜிபிஐஓ பின்னில் (பை வெளிச் சைகைகளைப் படிக்கும் பின்) கொடுத்தால் பை போய்விடும். அது 3.3 வோல்ட்தான் தாங்கும். ஆப்டோகப்ளர் இதற்காகத்தான். ஏசிசி 2.2 கிலோஓம் வழியாகப் பிசி817-இன் 1-ஆம் காலுக்கு வரட்டும், 2-ஆம் கால் எர்த்துக்கு. இவ்விரு கால்களுக்கும் குறுக்கே 1என்4148, கோட்டு முனை 1-ஆம் கால் பக்கம். 4-ஆம் கால் ஜிபிஐஓ 17-க்கு, அதாவது பையின் 11-ஆம் பின்னுக்கு. 3-ஆம் கால் பையின் 9-ஆம் பின்னுக்கு. மென்பொருளில் புல்-அப்பை (சைகை இல்லாதபோது பின்னை 1-இல் வைக்கும் உள் ரெசிஸ்டர்) இயக்கிவிட்டால், சாவி போட்டிருக்கும்போது பின் 0, எடுத்ததும் 1.

1 வந்த உடனேயே ஷட்டவுன் கொடுத்துவிடாதீர்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது பல கார்களில் ஏசிசி சில நொடி அணைந்து திரும்பும். பத்து வரி பைத்தான் போதும்: நொடிக்கு ஒரு முறை பின்னைப் படிக்கட்டும், தொடர்ந்து 15 முறை 1 வந்தால் மட்டும் ஷட்டவுன் கட்டளை. பை எழும்போதே இது தொடங்குமாறு சிஸ்டம்டி சேவையாக (பின்னணியில் தானே ஓடும் நிரலாக) வையுங்கள். டைமர் ரிலேயை 90 நொடிக்கு வையுங்கள். 15 நொடி காத்திருப்பு, அதன் பின் ஷட்டவுன், அதற்கு மேலும் இடைவெளி இருக்கும். 20, 30 நொடிக்கு வைத்தால் அணைந்து முடிவதற்குள் ரிலே வெட்டிவிடும், நாம் பட்ட பாடு வீண்.

இந்த அமைப்பில் ஒரு ஓட்டை உண்டு. பெட்ரோல் பங்கில் வண்டியை அணைத்து, பை ஷட்டவுன் ஆன பிறகு, 90 நொடி முடிவதற்குள் மீண்டும் சாவி போட்டால் ரிலே வெட்டவே வெட்டாது. பை அணைந்தபடியே கிடக்கும். அப்போது ஜிபிஐஓ 3-ஐ எர்த்தோடு ஒரு நொடி தொடவைத்தால் எழுந்துவிடும். 5-ஆம், 6-ஆம் பின்களுக்கு நடுவே ஒரு புஷ் பட்டனை வைத்து டாஷ்போர்டுக்கு அடியில் பொருத்திவிடுங்கள்.

வெயிலும் அதிர்வும்

பை 4-க்குச் சொல்லப்பட்ட சூழல் வெப்பம் 50 டிகிரி வரை. கண்ணாடிக்கு நேர் கீழே டாஷ்போர்டு மேல் வைத்தால் நம் ஊர் வெயிலில் அதைச் சுலபமாகத் தாண்டும். சீட்டுக்கு அடியிலோ கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலோ வையுங்கள், ஏசி குழாய்க்குப் பக்கத்தில் என்றால் இன்னும் நல்லது. அலுமினியப் பெட்டி போடுங்கள். மின்சாரத்துக்குப் பவர் பேங்க்கை நடுவில் வைக்கும் யோசனை பலருக்கும் வரும். மூடிய காரின் சூட்டில் லித்தியம் பேட்டரியை நிரந்தரமாக விட்டுவைப்பது ஆபத்து, வேண்டாம்.

பையைத் தொங்கவிடாமல் எம்2.5 திருகால் பலகையில் இறுக்குங்கள். இன்சுலேஷன் டேப்பின் பசை வெயிலில் உருகி வழுகும், ஹாட் குளூவும் இளகும். ஹீட் ஷ்ரிங்க்கும் கேபிள் டையும்தான் நிற்கும். வயரை முன் கண்ணாடித் தூணின் உறைக்குள் இழுப்பதானால், கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அதன் குறுக்கே போகாமல் பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் அந்த உறையைத் திறக்காதீர்கள்.

மென்பொருளில் இரண்டு விஷயம். பை 4-இல் கடிகாரம் கிடையாது, காரில் இணையமும் இருக்காது. ஆகவே டிஎஸ்3231 கடிகாரத் தகடு ஒன்றைச் சேருங்கள், அதற்கு 5 வோல்ட் அல்ல, 3.3 வோல்ட் கொடுங்கள். மலிவுத் தகடுகளில் உள்ள சார்ஜ் சுற்று, 5 வோல்ட்டில் சாதாரண சிஆர்2032 பேட்டரியையும் சார்ஜ் செய்யப் பார்க்கும். அடுத்து, எல்லாம் சரியாக ஓடிய பிறகு ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே கோப்பு முறையை இயக்குங்கள். கார்டில் எழுதுவது நின்றுவிடும், திடீர் மின்தடையிலும் கார்டு பிழைக்கும். பயணப் பதிவுகளைச் சேமிக்கத் தனி யூஎஸ்பி பென் டிரைவ்.

ரிவர்ஸ் கேமராவை மட்டும் பையோடு இணைக்காதீர்கள். பை எழுந்து நிற்க அரை நிமிடம் வரை ஆகும். வண்டியை எடுத்ததும் பின்னால் நகர்த்துபவருக்கு அந்தத் திரை அப்போது இருட்டாகத்தான் இருக்கும்.

கடைசியாக, சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து போகும் மின்கசிவை அளவிடுங்கள். சாவியை எடுத்து 5 நிமிடம் கழித்து, ஃபியூஸ் டாப்பிலிருந்து வரும் நிரந்தர வயரில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் தொடராக இணையுங்கள். 10 மில்லியாம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. நூற்றுக்கணக்கில் காட்டினால் ரிலே வெட்டவில்லை என்று பொருள். ஓபிடி துளையில் (காரின் பழுதறியும் இணைப்பு) என்ஜின் தகவல் படிக்கும் இஎல்எம்327 அடாப்டர் செருகியிருந்தால் அது இந்த அளவில் தெரியாது. அந்தத் துளையின் 16-ஆம் பின்னுக்கு நிரந்தர மின்சாரம் வருவதால் அது தனியாகப் பேட்டரியைக் குடிக்கும். வண்டியைப் பல நாள் நிறுத்தி வைப்பதானால் அதை உருவி வைத்துவிடுங்கள்.