கணினிகள் முடங்கும் நாளுக்குத் தயாராகும்போது செய்யக்கூடாத தவறுகள்

கணினிகள் ஒட்டுமொத்தமாக முடங்கிவிடுமோ என்ற அச்சம் பரவினால் பலரும் முதலில் ஓடுவது வங்கிக்குத்தான். இருப்பதையெல்லாம் ரொக்கமாக எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளத் தோன்றும். ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டும் குறித்துவந்த கணினிகள் 2000ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்று 1999இல் உலகமே கவலைப்பட்டது. அப்போது இந்த ஓட்டத்தை எதிர்பார்த்தே அமெரிக்க மத்திய வங்கி சுமார் 5,000 கோடி டாலர் மதிப்புள்ள நோட்டுகளைக் கூடுதலாகத் தயார் செய்துவைத்தது. முடங்கிய வங்கிக் கணினி மீண்டும் இயங்கும்போது கணக்கில் இருந்த பணத்தை மீட்டுவிட வழி உண்டு. வங்கியில் போட்ட பணத்துக்கு இருக்கும் வைப்புக் காப்பீடு, வீட்டிலிருந்து களவுபோன பணத்துக்குக் கிடையாது.

அதற்காகக் கையில் ஒன்றுமே இல்லாமல் இருப்பதும் தவறுதான். 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் தொலைத்தொடர்பு வலைப்பின்னல் செயலிழந்தபோது டெபிட் கார்டுகள் நாடெங்கும் பயனற்றுப்போயின. எவ்வளவு ரொக்கம் போதும்? நெதர்லாந்து மத்திய வங்கி 2025இல் தன் மக்களுக்கு ஒரு கணக்குச் சொன்னது: 72 மணி நேரத்துக்குப் பெரியவர் ஒருவருக்கு 70 யூரோ, குழந்தைக்கு 30 யூரோ. தொகை நாட்டுக்கு நாடு மாறும். மூன்று நாள் உணவு, மருந்து, பயணம் என்ற அளவுகோலை யாரும் எடுத்துக்கொள்ளலாம். சிறிய நோட்டுகளாகவே வைத்திருங்கள். அந்த நாளில் எந்தக் கடையிலும் சில்லறை இருக்காது.

என் பார்வையில் இவற்றைவிடப் பெரிய தவறு, நம் பணம் நம்முடையது என்பதற்கான சான்று முழுவதையும் திரைக்குள் விட்டுவைப்பது. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி தன் கணினி அமைப்பை மாற்றியபோது சுமார் 19 லட்சம் வாடிக்கையாளர்களால் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. சிலருக்கு அடுத்தவர் கணக்கின் விவரங்கள் தெரிந்தன. அப்படி ஒரு நாளில், போன வாரம் கணக்கில் எவ்வளவு இருந்தது என்று எதைக் காட்டிச் சொல்வீர்கள்? கணக்கு அறிக்கை, கடனில் மீதமுள்ள தொகை, காப்பீட்டுப் பாலிசி எண், முக்கியமான தொலைபேசி எண்கள் ஆகியவற்றை மாதம் ஒருமுறை தாளில் அச்செடுத்து வையுங்கள். கடவுச்சொல்லையோ ரகசிய எண்ணையோ அந்தத் தாளில் எழுதாதீர்கள். தவணை கட்டவேண்டியிருந்தால் கடைசி நாள்வரை காத்திருக்காமல் முன்பே கட்டி ரசீதை வாங்கிவிடுங்கள்.

இரண்டு வங்கிகளில் கணக்கு இருப்பதால் கவலையில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டு கார்டுகளும் பணம் செலுத்த உதவும் ஒரே வலைப்பின்னலில் (விசா, ரூபே போல) ஓடினால், இரண்டுக்கும் ஓடிபி ஒரே கைபேசிக்கு வந்தால், உங்களிடம் இருப்பது உண்மையில் ஒரே கதவுதான்.

பயம் பரவும் காலத்தில் மோசடிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். “ஆபத்து தீரும்வரை உங்கள் பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றித் தருகிறோம்” என்ற தொலைபேசி அழைப்புகளைப் பற்றி 1999இலேயே எச்சரிக்கைகள் வந்தன. எந்த வங்கியும் அப்படிக் கேட்காது. அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

ஊராகச் செய்யவேண்டியதை ஒவ்வொருவரும் தனியாகச் செய்வது இன்னொரு தவறு. ஒரு வீடு மூன்று மாத அரிசியைப் பதுக்கிவைத்தால், பக்கத்து வீட்டு ஆக்சிஜன் கருவிக்கு மின்சாரம் வந்துவிடாது. யாருக்கு இன்சுலின் குளிரில் இருக்கவேண்டும், யாருக்கு டயாலிசிஸ், லிஃப்ட் நின்றால் யார் மாடியிலேயே சிக்கிக்கொள்வார்கள் என்று அவர்கள் சம்மதத்தோடு கேட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள். பட்டியல் இருவரிடமாவது இருக்கட்டும். சங்கத்தின் பொதுநிதிக்கும் இதுவே பொருந்தும்: கடவுச்சொல் பொருளாளர் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் ஊரில் இல்லாத நாளில் நிதியும் இல்லாததுதான்.

தொடர்புக்கு வாட்ஸ்அப் குழு போதும் என்று நினைக்காதீர்கள். அதுவும் கணினியைத்தானே நம்பியிருக்கிறது! 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கியபோது மக்களுக்குச் செய்தி சொன்னவை பேட்டரி ரேடியோக்கள். ஒரு ரேடியோ, ஓர் அறிவிப்புப் பலகை, காலையும் மாலையும் கூடுவதற்கு ஓர் இடம் என முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

நாள் குறித்துப் பயப்படுவதும் வழி தவறச் செய்யும். நேரத்தை விநாடிகளாக எண்ணிவரும் பழைய 32 பிட் கணினிகளின் கடிகாரம், அதற்குமேல் எண்ண இடமில்லாமல் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழியும் என்பது தெரிந்ததுதான். ஆனால் 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியதே, அதை எந்த நாள்காட்டியும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

கடைசியாக, அந்த நாள் அமைதியாகக் கடந்ததும் எல்லாம் வீண்பீதி என்று சொல்லித் தாள்களைக் குப்பையில் போடுவது. 2000 ஜனவரி 1 பெரும்பாலும் அமைதியாகப் போனதற்கு நிரலாளர்கள் பல ஆண்டுகள் உழைத்துத் திருத்தியது முக்கியக் காரணம். அப்படியும் தப்பிய பிழைகள் இருந்தன. பிரிட்டனின் ஷெஃபீல்டில், கருவிலுள்ள குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பைக் கணிக்கும் கணினி, தாயின் வயதைத் தவறாகக் கணக்கிட்டு 150க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்குப் பிழையான முடிவைத் தந்தது. சில மாதங்கள் கழித்தே அது தெரியவந்தது. ஆகவே கணினிகள் இயங்கத் தொடங்கிய பிறகும் மூன்று, நான்கு மாதங்களுக்குக் கணக்கு அறிக்கையைப் பழைய தாளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள்: இருமுறை பிடித்த தவணை, வராத சம்பளம், மாறிப்போன வட்டி. ஏதாவது கண்ணில் பட்டால் எழுத்திலேயே புகார் கொடுத்து, அதன் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.