கொழும்பில் பிடிபடாத பூட்டனைத் தேடுவது

பூட்டன் பெயரை மட்டும் துண்டில் எழுதிக்கொண்டு போனால் எந்தக் கந்தோரிலும் கையை விரிப்பார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரே முன்னால் நிற்கும். கொழும்பில் கந்தையாக்களுக்கா பஞ்சம்? உதவி கேட்குமுன் ஆளை ஓர் இடத்துக்குள்ளும் இரண்டு வருடத்துக்குள்ளும் அடைத்துவிடுங்கள். பிறப்புப் பதிவு இலக்கம் தெரியாதவர்களுக்குப் பதிவகத்தில் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பது அந்தளவு காலத்துக்குத்தான்.

முதலில் அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ்களையும் சேருங்கள். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் வந்த படிவங்களில், பிறந்த பிள்ளையின் பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த வருடம், இடம் எழுத ஒரு கூடு உண்டு. ஒருவருடையதில் வெறுமையாக விட்டதைத் தம்பியுடையதில் நிரப்பியிருப்பார்கள். ஆகவே ஒன்றோடு நிற்கவேண்டாம்.

பதிவு நடப்பது பிறந்த இடத்தில், குடியிருந்த இடத்தில் அல்ல. கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவராயினும், தலைப்பிரசவத்துக்குத் தாய் ஊருக்குப் போயிருந்தால் ஏடு யாழ்ப்பாணத்தில் இருக்கும். பலர் வழிதவறுவது இங்கேதான். அவருடைய தாய் வழி ஊரை முதலில் கேளுங்கள். ஊர்ப் பிரதேச செயலகத்து ஏடு அழிந்திருந்தால், மாளிகாவத்தை மத்திய பதிவறையில் இரண்டாம் பிரதியைக் கேட்டுப் பாருங்கள். பழைய ஆங்கில ஏடுகளில் கந்தையாவைக் 'கே'யிலும் 'சி'யிலும், சின்னத்தம்பியை 'எஸ்'ஸிலும் 'சி'யிலும் தேட வேண்டும்.

1970களுக்குப் பிறகும் இருந்தவரானால் பழைய அடையாள அட்டை இலக்கம் போதும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு.

அதற்கு முந்தியவர்களுக்குக் கல்வெட்டுத்தான் பொக்கிஷம். அந்தியேட்டிக்கு (இறந்தவருக்கான சடங்குக்கு) அச்சடித்த இச்சிறு நூல்களில் வம்சாவளியே இருக்கும். நூலகம் இணையத்தளத்திலும் பல கிடைக்கும். ஆனால் தமிழ் வருடத்தில் கவனம். 'பிரபவ' 60 வருடத்துக்கு ஒருமுறை வரும்: 1867, 1927, 1987. அதுவும் சித்திரையில் தொடங்குவதால், பிரபவ வருடம் மாசி என்றால் 1868 அல்லது 1928. எது என்பதை மூத்த பிள்ளையின் வயதை வைத்துத் தீர்மானியுங்கள்.

சைவர்களுக்குக் கோயில் ஞானஸ்நான ஏடு இல்லை. அந்த இடத்தை நிரப்புவது காணி உறுதி. சீதன உறுதியில் தகப்பன், மகள், மருமகன் மூவரும் ஒரே தாளில் நிற்பார்கள். உறுதி கைவசம் இல்லாவிட்டால் காணிப் பதிவகத்தில் காணியின் பெயரை வைத்துத் தேடலாம். மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்துப் பற்றிய வழக்கு) நடந்திருந்தால் மாவட்ட நீதிமன்றக் கோவையில் உரித்தாளிகள் எல்லார் பெயரும் உண்டு. கிறிஸ்தவர்கள் வுல்வெண்டால் கோயில், சாந்த லூசியா பேராலயம் போன்றவற்றில் கேட்கலாம். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் ஒல்லாந்தர் காலத் தோம்புகள் (காணி, குடும்ப விவரப் பதிவேடுகள்) உள்ளன.

இனிக் கடிதம். அரைப் பக்கம் போதும்: "கந்தையா, தகப்பன் சின்னத்தம்பி, பிறப்பு 1891–1892, ஊர் வட்டுக்கோட்டையாகலாம், மனைவி பெயர் இது. அந்த வருடங்களைத் தேடியாயிற்று, 'கே'யில் இல்லை." எங்கே தேடி இல்லாமற் போனது என்பதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் உதவுகிறவரும் அதே ஏட்டையே மறுபடி புரட்டுவார். மூலப் பத்திரத்தை யாருக்கும் அனுப்பவேண்டாம், படம் எடுத்து அனுப்புங்கள்.