ரீபேஸ் செய்தால் பழைய வரியே திரும்பி வந்தது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு பீஸ் ரேட் கூலி போடும் மென்பொருள் எழுதுகிறோம். கோட் மாற்றங்களைக் கிட் (Git) என்ற கருவியில் வைத்திருக்கிறோம். வேலையை விட்டுப்போனவரின் மெஷினும், அவர் தனியாக எழுதிவந்த கோட் கிளையான பிராஞ்சும் என்னிடம் வந்தன. அதை மெயின் என்ற பொதுக் கிளை மேல் ரீபேஸ் செய்யும்போதெல்லாம், அதாவது அதன் மாற்றங்களை மெயினின் புதிய நிலை மேல் மறுபடி போடும்போதெல்லாம், ஓவர்லாக் தையலுக்கான ரேட் எடுக்கும் வரி பழையபடி மாறிவிடும். ரீபேஸ் நிற்கும், ஆனால் இரு பக்க மாற்றங்களும் மோதும் இடத்தைக் காட்டும் கான்ஃப்ளிக்ட் குறியீடே ஃபைலில் இருக்காது.

அபார்ட் கொடுத்து ரீபேஸைக் கைவிட்டு மறுபடி செய்தாலும் அதே வரி. "கேஷ் ஏதாச்சும் இருக்குதுங்களாண்ணா?" என்றார் பக்கத்து சீட் தம்பி. எடிட்டரின் தற்காலிகச் சேமிப்பான கேஷை அழித்தும் பயனில்லை. கோட் முழுவதையும் புதிதாகக் குளோன் (நகல்) செய்த இடத்தில் மட்டும் கான்ஃப்ளிக்ட் ஒழுங்காக வந்தது.

அப்புறம்தான் டெர்மினலில் ‘யூசிங் பிரீவியஸ் ரெசல்யூஷன்’ என்று ஓடும் வரியைக் கவனித்தேன். கிட்டில் உள்ள ரீரீரீ (rerere) என்ற வசதியின் வேலை அது. ஒருமுறை கான்ஃப்ளிக்ட்டைத் தீர்த்த விதத்தை கிட் தன் விவரங்களை வைக்கும் டாட்கிட் (.git) ஃபோல்டருக்குள் ஆர்ஆர்-கேஷ் (rr-cache) ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, அதே மோதல் வந்தால் தானே போட்டுவிடும். கிட்டின் அமைப்புகளான கன்ஃபிக்கில் ஒன்றும் எழுதாவிட்டாலும், இந்த வசதி ஓட அந்த ஃபோல்டர் இருந்தாலே போதும். கன்ஃபிக்கை மட்டும் பார்த்தால் இது சிக்கவே சிக்காது.

ரீபேஸ் நின்ற இடத்திலேயே பழைய தீர்வை மறக்கச் சொல்லி ‘கிட் ரீரீரீ ஃபர்கெட்’ என்று ஃபைல் பெயரோடு கொடுத்தேன். பிறகு மோதலை அந்த ஃபைலில் மறுபடி கொண்டுவர, மெர்ஜ் ஆப்ஷனோடு ‘கிட் செக்அவுட்’. குறியீடுகள் திரும்ப வந்தன. சரியான வரியை வைத்து ஆட், கன்டின்யூ. அப்பாடா!